வாசிக்காமல் எழுதிய முதல் பார்வை

நம் அலுவலகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் படியில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் செய்தி வந்தது. "சேர், பாதுகாப்புச் சோதனை லினக்ஸ்ட புது பீட்டா வந்திரிக்கி. உங்கட முதல் பார்வை எப்ப வரும்? தமிழில நீங்கதானே எப்பயும் முந்தி எழுதுற." என் பழைய பதிவுகளை யாரோ தோண்டியெடுத்து உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஓய்வுபெற்று இத்தனை காலத்துக்குப் பிறகும், அந்த வரியை வாசித்ததும் எனக்கு முகம் சுட்டது.

நம் தொழிலைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கள் கணினிகளுக்குள் கள்ளன் நுழைய வழியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கடைக்காரர்களும் நிறுவனங்களும் எழுத்தில் அனுமதி தந்து நம்மைக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே களவு போயிருந்தால் யார் எப்போது எடுத்தது என்று தேடச் சொல்வார்கள். அதற்கு வேண்டிய கருவிகளையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தரும் இயங்குதளம்தான் இந்த லினக்ஸ். பீட்டா என்பது இன்னும் வேலை முடியாத பதிப்பு. பாவித்துப் பார்த்துப் பிழை சொல்லுங்கள் என்று வெளியே விடுவார்கள்.

கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். புதிய பீட்டாவை என் பழைய மடிக்கணினியில் நிறுவி ஐந்து நாள் பாவித்தேன். கருவிகளின் பட்டியலை அடுக்கி மாற்றியிருக்கிறார்கள். கருவியின் பெயர் தெரியாவிட்டாலும் செய்யவேண்டிய வேலையை வைத்துத் தேடிப் போகலாம், அது நல்லது. என் வைஃபை அடாப்டரை முதல் முறையிலேயே கண்டுகொண்டது. இரண்டாம் நாள் தூக்கநிலைக்குப் போய் எழும்பாமல் கிடந்தது, பட்டனை அமத்தித்தான் அணைத்தேன். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து இன்னமும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக விழுகிறது. வெளியீட்டுக் குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தெரிந்த குறைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் மூன்றை நானே கண்டேன். மற்றவற்றை நான் சோதிக்கவில்லை, ஆகவே அவற்றைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. வெளி வேலைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்.

இவ்வளவுதான். சப்பென்று இருக்கிறது, எனக்கும் விளங்குகிறது. முந்தி நான் எழுதியவை இப்படிச் சப்பென்று இருக்காது. அவை எப்படி எழுதப்பட்டன, அதில் ஒன்று என்ன செய்தது என்று இப்போது சொல்கிறேன். இதை என் மனைவியிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அப்போது எங்கள் அலுவலகம் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. பொறுப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் வேலை செய்தோம், வயதில் நான்தான் மூத்தவன். பேஸ்புக்கில் தமிழில் கணினி கதைக்கும் குழுவொன்றில் எனக்கு நல்ல பெயர். இந்த லினக்ஸின் ஒவ்வொரு வெளியீடும் வந்த அன்றே 'முதல் பார்வை' என்று எழுதிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் என்னைப் போலவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களை முந்தாவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. ஐம்பத்தெட்டு வயது மனுசனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எழுதும் விதம் இப்படி. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து, போன தடவை எழுதிய பதிவை அப்படியே எடுத்துப் புதுப் பக்கத்தில் போடுவேன். பதிப்பின் எண்ணை மாற்றுவேன். புதியதைக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி, சுவர்ப்படத்தையும் பட்டியலையும் நாலைந்து படம் பிடிப்பேன். சுவர்ப்படத்தின் நிறத்தைப் பற்றி ஒரு பந்தி, ஏறுவதற்கு எத்தனை விநாடி என்று ஒரு பந்தி. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்ல முதல் பதிவு போய்விடும். தொடக்கம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: 'இரண்டு நாள் வேலையில் பாவித்துப் பார்த்ததில்.' பச்சைப் பொய். கீழே வந்து "மாஷா அல்லாஹ் சேர், அருமையான ஆய்வு" என்று எழுதுவார்கள். நானும் வாய் கூசாமல் நன்றி சொல்வேன்.

அந்தப் பதிவில் தடவைக்குத் தடவை மாறாத இன்னொரு வரியும் இருந்தது. இந்த லினக்ஸில் சான்று எடுக்கும் வேலைக்கென்று ஒரு முறை உண்டு. பென் டிரைவிலிருந்து அதைத் தொடங்கினால், சோதிக்கப்படும் கணினியின் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, அது தொடாது. உள்ளே இருக்கும் கோப்புகளில் ஒரு நேரக்குறிப்புக்கூட மாறாது. நாம் உள்ளே போனதற்கே அடையாளம் இருக்காது, அதுதான் அதன் பெறுமதி. 'கைபடா முறை' என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்தவனே நான்தான், அதிலும் ஒரு பெருமை. 'கைபடா முறை வழக்கம்போல் சிறப்பாக இயங்குகிறது' என்பது அந்த வரி. முதல் தடவை அதை உண்மையாகவே சோதித்து எழுதினேன். அதற்குப் பிறகு சோதிக்கவில்லை. பழைய பதிவோடு சேர்ந்து அந்த வரியும் வந்துகொண்டிருந்தது.

நான் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தபோது, ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். கலியாணம் பேசியிருந்த ஒரு பெண்பிள்ளையின் பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் சுற்றி, மாப்பிள்ளை வீடுவரை போய், பேச்சு முறிந்துவிட்டது. அந்த முடிவு இருந்தது நிலையத்தின் முன்மேசைக் கணினியில் மட்டும். அந்த மேசையில் இருந்தவர் பஸ்மியா, பாலமுனையைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும், அங்கே எட்டு வருடமாக வேலை. அந்தக் கணினியை முதலாளியின் உறவினர் இருவர் உட்பட எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் திறப்பார்கள். ஆனாலும் மேசை பஸ்மியாவுடையது என்பதால் பழியும் அவருக்கே போனது.

பஸ்மியா சொன்னது ஒன்றுதான். முடிவு வெளியே சுற்றத் தொடங்கியது பகல் ஒரு மணிக்கு. பன்னிரண்டரையிலிருந்து அவர் பின்னறையில் பகல் நேர லுஹர் தொழுகையில் இருந்தார், தொழுதுவிட்டு அங்கேயே சாப்பிட்டார். இரத்தம் எடுக்கும் பிள்ளை கண்டிருக்கிறாள். அந்தக் கோப்பைத் தான் திறக்கவே இல்லை என்றார். பிரச்சினை வெடித்ததும் முதலாளி கணினியை அணைத்துப் பூட்டிவிட்டார், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஆகவே அந்தக் கோப்பு கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் வட்டில் அப்படியே இருக்க வேண்டும். அது பன்னிரண்டரைக்குப் பிந்தியதாக இருந்தால் பஸ்மியா தப்பினார். வேறு தடயங்கள் இருக்குமே என்று நீங்கள் சொல்வீர்கள். கணினி அணையும்போதெல்லாம் தடயங்களைத் துடைத்துவிடும் ஒரு துப்புரவு மென்பொருளை யாரோ அதில் போட்டிருந்தார்கள். மிஞ்சியது அந்த ஒரு நேரம் மட்டும்.

அன்று நான்தான் போயிருக்க வேண்டும். எனக்குச் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு இருந்தது, ரிஸ்வானாவை அனுப்பினேன். ரிஸ்வானா மருதமுனைப் பிள்ளை, எங்களோடு சேர்ந்து இரண்டு வருடம். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் கைவிட மாட்டாள். அந்தக் குணம் எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட இருந்தது.

கலியாண வீட்டில் ஸஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கைவைத்த நேரத்தில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். ரிஸ்வானா.

"சேர், பழைய பதிப்பு இந்தக் கணினியிட டிஸ்க்க காணுதில்ல. புதுக் கணினி."

"பீட்டா இரிக்கிதானே. அதப் போடு."

"அதான் சேர் கேக்கிறன். பீட்டாவில கைபடா முறை சரியா வேலை செய்யுமா? நான் இன்னும் வெளியீட்டுக் குறிப்ப வாசிக்கல்ல. அர மணித்தியாலம் தந்தா வாசிச்சிட்டுப் போடுறன். இவரு கெதியா முடிங்க, கெதியா முடிங்க என்டு நிக்கிறாரு."

என் பக்கத்தில் ஐந்து பேர் எனக்காகக் கையை நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் கழித்து எடு என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொன்னது வேறு.

"இந்த பீட்டாவப் பத்தி நான் எழுதினத நீ வாசிக்கல்லையா?"

"வாசிச்சன் சேர்."

"அதுல என்ன இரிக்கி?"

"சிறப்பா இயங்குது என்டு இரிக்கி."

"பிறகென்ன? போடு."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அன்று மாட்டிறைச்சி நன்றாக இருந்தது என்றுகூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ரிஸ்வானா பென் டிரைவைச் செருகும்போது பஸ்மியா பக்கத்தில் நின்றிருக்கிறார். "தங்கச்சி, இதப் பாத்தா நான் இல்ல என்டு தெரிஞ்சிருமா?" என்று கேட்டிருக்கிறார். "நேரம் இரிந்தா தெரிஞ்சிரும் ராத்தா, பயப்புடாதீங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இதை ரிஸ்வானா என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

அஸருக்குக் கொஞ்சம் முதல், நான் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தபோது, அவளும் வந்தாள். மடிக்கணினியை என் மேசையில் வைத்துத் திறந்தாள்.

"சேர், எல்லாக் கோப்பிலயும் ஒரே நேரம் இரிக்கி. இண்டைக்கு, பன்னெண்டு அம்பது. நான் போட்ட நேரம்."

கைபடா முறை பட்டியலில் இருந்தது, தெரிவு செய்யவும் முடிந்தது. உள்ளே அது இயங்கவில்லை. பீட்டா அந்த வட்டைத் தானாகத் திறந்து, கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பழைய நேரத்தின் மேல் புதிய நேரத்தை எழுதிவிட்டது. தயாரித்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை. இந்த பீட்டாவில் இந்த முறை இன்னும் முடியவில்லை, சான்றுக் கணினிகளில் பாவிக்க வேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பின் மூன்றாம் பந்தியிலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். ரிஸ்வானா அதை எனக்குத் திரையில் காட்டினாள். நான் அதை முதன்முதலாக அப்போதுதான் வாசித்தேன்.

"பொறுப்பாளர்ட்ட நான் சொல்றன் சேர்" என்றாள்.

"நான் ஒழுச் செஞ்சிட்டு வாறன்" என்றேன்.

தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒழுச் செய்யத்தான் போனேன். ஆனால் தண்ணீரைத் திறக்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்து, என் பதிவைத் திறந்து, அந்த வரியை மாற்றினேன். 'கைபடா முறை இந்த பீட்டாவில் முழுமையாக இல்லை, கவனம்' என்று எழுதிச் சேமித்தேன். பிறகு ஒழுச் செய்து தொழுதேன். அந்தத் தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

தொழுது முடிந்ததும் பொறுப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் என்னைவிட வயதில் இளையவர், என் மேல் மிகுந்த மரியாதை வைத்திருந்தவர். "பீட்டாவப் போட ஆரு சொன்ன?" என்று கேட்டார்.

ரிஸ்வானா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் சேர் குறிப்ப வாசிக்காமப் போட்டன். என்ட பிழ."

அவள் எனக்காக ஓர் இடைவெளி விட்டாள் என்று நினைக்கிறேன். இப்போது நினைத்தால் நீண்ட இடைவெளியாகத்தான் தெரிகிறது. பெரியவன் ஒருவன் வாயைத் திறந்து, இல்லை, நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்வதற்கு அது தாராளமாகப் போதும். நானும் வாயைத் திறந்தேன். திறந்து சொன்னது இது: "பீட்டா என்டா பீட்டாதான் மகள். வேலைக்குக் கொண்டுபோக முதல் குறிப்ப வாசிச்சிருக்கணும். நான் கூட கவனம் என்டு எழுதியிருக்கன்."

அந்த நேரம் என் நாக்கு அழுகி விழுந்திருக்கலாம். ரிஸ்வானா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஓம் சேர்" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அறிக்கையை எழுதும் பொறுப்பை மூத்தவன் என்று என்னிடமே தந்தார்கள். "அலுவலகத்திட பேர் கெடாமப் பாத்து எழுதுங்க" என்றார் பொறுப்பாளர். எழுதுவதில் கெட்டிக்காரன் அல்லவா, எழுதினேன். 'கிடைத்த தரவுகளைக் கொண்டு குறித்த கோப்பைத் திறந்தவர் யார் என உறுதிப்படுத்த இயலவில்லை. முன்மேசைப் பணியாளர் தவிர்ந்த வேறொருவர் திறந்ததற்கான தடயம் எதுவும் காணப்படவில்லை.' இரண்டு வசனமும் ஓர் எழுத்துப் பிசகாத உண்மை. தடயம் காணப்படவில்லை, ஏனென்றால் அதை அழித்தவர்கள் நாங்கள். அந்த மூன்றாவது வசனத்தை நான் எழுதவில்லை.

பரிசோதனை நிலையத்தின் முதலாளி இரண்டாம் வசனத்தைத்தான் வாசித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது. கல்முனையிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தும் வேறு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என ஊரில் கதை போனது. பஸ்மியாவை நிறுத்தினார்கள். வேலை போனதைவிட அந்தக் கதைதான் அவரைத் தின்றது. ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று அவருடைய ஊரில் வாய்க்கு வாய் பேசினார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ரிஸ்வானா என் மேசைக்கு வந்தாள். அவளைச் சான்று வேலைகளிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். என் பதிவைப் போனில் திறந்து எனக்கு முன்னால் வைத்தாள். 'திருத்தப்பட்டது' என்ற சொல்லை அமத்தினாள். பழைய வரியும் புதிய வரியும் ஒன்றின் கீழ் ஒன்றாக, மாற்றிய நேரத்தோடு வந்து நின்றன. ஆட்களின் கணினிகளில் இதே மாதிரியானவற்றைத் தேடித் தேடியே என் தலைமயிர் நரைத்தது. என்னுடையதை ஒருவரும் தேட மாட்டார்கள் என்று எந்த நம்பிக்கையில் இருந்தேனோ தெரியவில்லை.

"என்ன விடுங்க சேர்" என்றாள். "எனக்கு வேற வேல கிடைக்கும். அந்த ராத்தாக்கு அந்த அறிக்கய மாத்திக் குடுங்க. நாங்கதான் பழுதாக்கினம் என்டு ஒரு வரி. அத எழுத உங்களுக்குத்தான் ஏலும். நான் எழுதினா தன்ட பிழைய மறைக்க எழுதுறா என்பாங்க."

"பார்ப்பம்" என்றேன்.

அந்தச் சொல்லை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். ஓய்வுபெற இன்னும் சில மாதம்தானே, இந்த வயதில் எதற்கு வீண் அவமானம் என்றும் நினைத்தேன். ரிஸ்வானா மூன்று மாதத்தில் விலகிப் போனாள். என்னுடைய பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டு, நேர்மையின் மறுபெயர் என்று பேசினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்னை அசைத்தது மனச்சாட்சி என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய். நான் ஓய்வுபெற்றுச் சில மாதம் கழித்து, உங்களுக்கு முன் சேர்ந்த ஒரு தம்பி எனக்குப் போன் எடுத்தார். "சேர், நீங்க எழுதின அறிக்க ஒன்ட பேரெல்லாம் மறைச்சி மாதிரிக்கு வெச்சிரிக்காங்க. அந்த ஆறாம் பந்தி சும்மா அந்தமாதிரி, நல்லா எழுதியிரிக்கீங்க. 'தடயம் எதுவும் காணப்படவில்லை' என்டு எழுதினா எங்களுக்கும் பாதுகாப்பு, ஆளும் ஒன்டும் கேக்க ஏலா. அத நானும் போடலாமா?"

நான் பழைய பதிவை எடுத்துப் போட்டுப் போட்டு எழுதியதுபோல, என் வசனத்தை எடுத்துப் போட ஆள் வந்துவிட்டார்கள். அடுத்த பஸ்மியா யாரோ.

அந்த மாதிரி அறிக்கை உங்களிடமும் இருக்கும். ஆறாம் பந்தியை அழித்துவிடுங்கள். ஒன்றைத் தேடினீர்கள், கிடைக்கவில்லை என்றால், எப்படித் தேடினீர்கள், தேடும்போது எதைக் கெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால் அறிக்கையில் கையெழுத்து வைக்காதீர்கள். பக்கத்தில் யார் அவசரப்படுத்தினாலும், ஓர் இளையவர் அரை மணித்தியாலம் கேட்டால் கொடுங்கள். இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தம்பி போன் எடுத்த அன்று பின்னேரமே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். பீட்டாவைப் போடச் சொன்னது நான், குறிப்பை வாசிக்காதது நான், சான்று அழிந்தது எங்கள் கையால், ஆகவே அந்த அறிக்கையை வைத்துப் பஸ்மியாவைக் குற்றம் சொல்ல எந்த இடமும் இல்லை. ஒரு பக்கம்கூட வரவில்லை. ஒரு பிரதியைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். ஒரு பிரதியைப் பரிசோதனை நிலையத்தின் முதலாளியிடம் கொண்டுபோனேன். "முடிஞ்ச கத சேர், அந்த மேசைக்கு வேற ஆள் போட்டாச்சி" என்று சொல்லி மடித்து மேசை லாச்சியில் போட்டார். ரிஸ்வானாவுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

மூன்றாவது பிரதியை எடுத்துக்கொண்டு பாலமுனைக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பஸ்மியா வெளி விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார், தேத்தண்ணி தந்தார். நான் யார் என்று சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாண வீட்டையும் சொன்னேன், ஒழுச் செய்யப் போனதையும் சொன்னேன். அவர் வாசற்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

"அப்ப அந்த நேரம் இரிந்திரிக்கி" என்றார். "நீங்க தொடாட்டி அது இரிந்திரிக்கும்."

"ஓம்" என்றேன்.

"நான் தொழுகையில இரிந்த என்டு சொன்னத ஒராளும் நம்பல்ல சேர். ஊர் சொன்னத நான் கணக்கெடுக்கல்ல. வாப்பா கேட்டாரு. உண்மையச் சொல்லு மகள், நீதானே செஞ்ச, தவ்பாச் செஞ்சா அல்லாஹ் மன்னிப்பான் என்டாரு. நான் இல்ல வாப்பா என்டன். படிச்ச ஆக்கள் வந்து பாத்து எழுதியிரிக்காங்களே மகள் என்டாரு. அதுக்கு நான் என்ன சொல்ற?"

கடிதத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்தைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார்.

"வாப்பாட்ட நானும் வந்து சொல்றன்" என்றேன். "இப்பவே சொல்றன். உள்ளுக்க இரிக்காரா?"

"வாப்பா மவுத்தாகி நாலு மாசம் சேர்" என்றார். "கடைசி வரைக்கும் எனக்காகத் தவ்பாக் கேட்டு அழுதாரு." கடிதத்தை மெதுவாக மடித்தார். "இத நான் இனி ஆருக்கிட்டக் காட்டுற?"